எழுதுவதற்காகத் தோட்டம் போட்டவர்

மலேசியாவில் செம்பனை முதன்முதலாக வணிகப் பயிராக நடப்பட்ட தோட்டத்தின் பெயர் தென்னமரம். கோல சிலாங்கூர் மாவட்டத்தில், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்றும் இப்போது பெஸ்தாரி ஜெயா என்றும் வழங்கும் ஊரை அடுத்து அந்தத் தோட்டம் இருக்கிறது. பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை! 1917ஆம் ஆண்டு நடந்த அந்த நடவுக்குக் காரணமாக இருந்தவர் ஹென்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். பயிர்த்தொழில் அவருடைய இலட்சியம் அன்று. கதை எழுத வேண்டும், யாருக்கும் கைகட்டி நிற்காமல் தம் விருப்பப்படி எழுத வேண்டும் என்பதே அவருடைய ஆசை. அந்த ஆசை நிறைவேறக் கால் நூற்றாண்டு பிடித்தது. அது நிறைவேறிய வழி நம் நாட்டின் காடுகளிலும் நம் முன்னோர்களின் உழைப்பிலும் அமைந்தது.

ஃபொக்கோனியே 1879ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள், பிரான்சின் தென்மேற்குப் பகுதியில் உள்ள பார்பெசியே என்ற சிற்றூரில் பிறந்தார். இசையும் நாடகமும் நிறைந்த வீடு அது. பிள்ளைகள் தாங்களே நாடகம் போட்டு மகிழ்வார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைபோல் அங்கே வந்து பழகிய நண்பர் ஒருவர், பின்னாளில் ஜாக் ஷார்தோன் என்ற புனைபெயரில் புகழ்பெற்ற எழுத்தாளரானார். ஃபொக்கோனியேயின் தங்கை ஜெனவியேவும் நாவலாசிரியராகி 1933ஆம் ஆண்டு பெமினா பரிசைப் பெற்றார். ஒரு சிற்றூரிலிருந்து இத்தனை எழுத்தாளர்கள் எழுந்தது வியப்புதான். ஆனால், எழுத்தை நம்பி வயிற்றைக் கழுவ முடியாது என்பதை ஃபொக்கோனியே இளமையிலேயே உணர்ந்திருந்தார்.

தந்தை மறைந்தபின் அவர் இங்கிலாந்துக்குச் சென்றார். அங்கே ஒரு பள்ளியில் பிரெஞ்சு மொழியும் இசையும் கற்றுக்கொடுத்தார். அது நிலையான வேலை அன்று. நிறைவு தந்த வேலையும் அன்று. அந்நாளில் ஒரு கட்டுரை அவர் கண்ணில் பட்டது. போர்னியோ தீவில் சவ்வரிசி மரம் பயிரிட்டால் பெரும்பொருள் ஈட்டலாம் என்று அதில் கண்டிருந்தது. போர்னியோ எங்கே இருக்கிறது, அந்த மரம் எப்படி இருக்கும் என்பதெல்லாம் அவருக்குப் பெரிதாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால், ஒரு கணக்கு அவர் மனத்தில் விழுந்துவிட்டது. முதலில் பணம் சேர்க்க வேண்டும். பணம் சேர்ந்தால் நேரம் கிடைக்கும். நேரம் கிடைத்தால் எழுதலாம்.

இந்தக் கணக்கைப் போட்டவர்கள் உலகில் பலர். பணம் சேர்ப்பதிலேயே வாழ்நாளைக் கழித்துவிட்டு எழுதாமல் போனவர்களே அவர்களுள் மிகுதி. ஆகவே, ஃபொக்கோனியேயின் வாழ்க்கையில் நாம் கவனிக்க வேண்டியது அவர் பணக்காரரானதை அன்று. பணம் வந்தபின்னும் அந்த முதல் ஆசையை அவர் மறக்காமல் இருந்ததையே.

1905ஆம் ஆண்டு மார்ச் மாதம் மார்செய் துறைமுகத்தில் நண்பர் ஒருவருடன் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 26. கப்பல் சிங்கப்பூரை அடைந்ததும் பயணத்தின் போக்கே மாறியது. அங்கே யாரைக் கண்டாலும் இரப்பரைப் பற்றியே பேசினார்கள். அமேசான் காட்டைச் சேர்ந்த இரப்பர் மரத்தின் விதைகள் 1876ஆம் ஆண்டு இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளுள் 22 கன்றுகள் அடுத்த ஆண்டே சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. மரத்தைக் கொன்றுவிடாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை, சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் தலைவரான ரிட்லி கண்டறிந்தார். சைக்கிளுக்கும் மோட்டார் வண்டிக்கும் இரப்பர்ச் சக்கரம் வேண்டும் என்ற நிலை வந்தபோது, மலாயாவில் காடுகள் விரைவாகத் தோட்டங்களாக மாறத் தொடங்கின. ஃபொக்கோனியே சவ்வரிசியைக் கைவிட்டார். போர்னியோவுக்கு அவர் போகவே இல்லை.

கிள்ளான் வட்டாரத்தில் ஒரு தோட்டத் துரையிடம் அவர் தொழில் பழகினார். நிலத்தை அளப்பது, கன்று நடுவது, கணக்கு எழுதுவது ஆகியவற்றோடு இரண்டு மொழிகளையும் கற்றார். ஒன்று மலாய், மற்றொன்று தமிழ். தோட்டத்தில் வேலை செய்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர்கள் ஆதலால், துரையாக விரும்பிய எவருக்கும் தமிழ் தேவைப்பட்டது. துரைகள் பலருடைய தமிழ் ‘வா, போ, வெட்டு’ என்ற ஏவல் வினைகளைத் தாண்டவில்லை என்பது தோட்டப்புறத்து முதியவர்கள் சொல்லக் கேட்ட செய்தி. ஃபொக்கோனியேயோ மொழிகளின்மேல் இயல்பாகவே பற்றுக்கொண்டவர். குறிப்பாக, மலாய்ப் பந்துன் கவிதைகள் அவரைக் கட்டிப்போட்டன. நான்கே அடிகளில், முதலில் ஓர் இயற்கைக் காட்சியையும் பிறகு ஒரு மனநிலையையும் சொல்லும் அந்த வடிவத்தை அவர் வாழ்நாள் முழுவதும் விரும்பிப் படித்தார்.

1906ஆம் ஆண்டு சொந்தமாக நிலம் தேடிச் சிலாங்கூர் ஆற்றுப் பக்கம் வந்தார். ஆற்றுக்கு அப்பால் குன்றுகள் சூழ்ந்த ஓரிடம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. அதன் பெயர் ரந்தாவ் பாஞ்சாங். மலாய் மொழியில் ரந்தாவ் என்பது ஆற்றின் ஒரு நீட்சியையும் பாஞ்சாங் என்பது நீளத்தையும் குறிக்கும். வளையாமல் நெடுந்தொலைவு ஓடும் ஆற்றுப்பகுதி என்று நாம் பொருள் கொள்ளலாம். அங்கே 600 ஏக்கர் நிலம் கேட்டு விண்ணப்பித்தார். குடியிருக்க ஒரு வீடு கட்டி, அதற்குப் பனைமர வீடு என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரைச் சூட்டினார்.

தோட்டம் என்று நாம் இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 1906இல் அங்கே இருந்தது காடு. முதலில் புதர்களை வெட்டிச் சாய்க்க வேண்டும். பிறகு, நான்கைந்து பேர் கைகோத்தாலும் பிடிபடாத பெருமரங்களைக் கோடரியால் வீழ்த்த வேண்டும். வீழ்ந்தவை வெயிலில் காய்ந்ததும் தீ வைக்க வேண்டும். கரிக்கட்டைகளுக்கு நடுவே வரிசை பிடித்துக் குழி தோண்டிக் கன்று நட வேண்டும். தாழ்வான இடங்களில் வடிகால் வெட்ட வேண்டும். நட்ட கன்று பால் கொடுக்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை ஒரு காசு வருமானம் இல்லை. களை மட்டும் காத்திருக்காமல் வளரும்.

இந்த வேலைகளைச் செய்ய நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி வந்தவர்கள் தமிழர்கள். கங்காணி தம் ஊருக்குத் திரும்பிச் சென்று, உறவினரையும் ஊராரையும் அழைத்து வருவார். 1907ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி அவர்களுடைய பயணச் செலவை ஏற்றது. கடன்பட்டுக் கையெழுத்திட்டு வரும் ஒப்பந்தக் கூலி முறைக்கு 1910இல் ஆளெடுப்பது நிறுத்தப்பட்டது. வந்தவர்கள் அத்தாப்புக் கூரை வேய்ந்த இலயங்களில் தங்கினார்கள். விடியற்காலையில் பெரட்டுக்கு வரிசையாக நின்று பெயர் கொடுத்தார்கள். புதிதாகக் காடு அழித்த இடங்களில் மலேரியாக் காய்ச்சல் கடுமையாக இருந்தது. அழிக்கப்பட்ட காட்டின் ஓடைகளில் வெயில் பட்டதும், காய்ச்சலைப் பரப்பும் கொசுக்கள் அங்கே பெருகின. கிள்ளானில் பணியாற்றிய மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் அந்தக் கொசுக்களை ஒழிக்க வடிகால் முறைகளை வகுத்து உலகப் புகழ் பெற்றார். அந்த முறைகள் எல்லாத் தோட்டங்களுக்கும் வந்து சேர்வதற்குள் எத்தனையோ பேர் புதைகுழிக்குப் போய்விட்டனர். அவர்களுள் எவரும் நாவல் எழுதவில்லை. பெரும்பாலோருக்குத் தம் பெயரை எழுதவும் வாய்ப்புக் கிட்டவில்லை.

மரங்கள் பால் கொடுக்கத் தொடங்கிய காலமும் இரப்பர் விலை உச்சிக்கு ஏறிய காலமும் ஒன்றாக அமைந்தன. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908இல் மலிவு விலை மோட்டார் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1910ஆம் ஆண்டு ஏப்ரலில் இலண்டன் சந்தையில் ஓர் இராத்தல் இரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. காடு வெட்டியபோது முதலாளிகள் கனவிலும் காணாத விலை அது. ஃபொக்கோனியேயின் குடும்பத்தாரும் நண்பர்களும் பிரான்சிலிருந்து வந்து தோட்டத்தில் சேர்ந்துகொண்டனர். பெல்ஜியரான ஆட்ரியன் ஹாலெட்டின் கூட்டுறவும் கிடைத்தது. ஹாலெட்டின் சொக்ஃபின் நிறுவனத்தின் பெயரைக் கோல சிலாங்கூர்ப் பெரியவர்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பார்கள்.

செம்பனை வந்த கதையும் ஹாலெட்டோடு தொடர்புடையது. செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848ஆம் ஆண்டு நான்கே நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் பூங்காவில் நடப்பட்டன. அவற்றின் வழிவந்த மரங்கள் சுமத்ராவில் சாலையோர அழகு மரங்களாக வளர்ந்தன. அவற்றின் குலைகள் ஆப்பிரிக்க மரங்களைவிட எண்ணெய் வளம் மிக்கவை என்பதை ஹாலெட் கண்டுகொண்டு, 1911இல் சுமத்ராவில் பெருந்தோட்டமாக நட்டார். அந்தச் சுமத்ரா விதைகள் ரந்தாவ் பாஞ்சாங்குக்கும் வந்தன. முதலில் அவையும் அழகுக்காகவே நடப்பட்டன. 1917இல், காப்பிப் பயிர் தேறாமல் போன தென்னமரம் தோட்டத்தில் அதற்கு மாற்றாகச் செம்பனை நடப்பட்டது. தோற்றுப்போன ஒரு பயிரின் இடத்தை நிரப்ப வந்தது, பின்னாளில் ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே தாங்கியது.

நடவு நடந்த காலத்தில் ஃபொக்கோனியே போர்க்கோலத்தில் இருந்தார். 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும், தோட்டத்தில் இருந்த மற்றப் பிரெஞ்சுக்காரர்களோடு அவரும் தாயகம் திரும்பிப் படையில் சேர்ந்தார். செல்வந்தரான தோட்டத் துரை சாதாரணப் படைவீரராகப் பதுங்குகுழியில் கிடந்தார். வெர்டன், சோம் என்னும் இரு கொடும் போர்க்களங்களைக் கண்டார். 1917ஆம் ஆண்டு விடுப்பில் வந்து மாதலேன் மெஸ்லியே என்பவரை மணந்தார். போர்க்களத்திலிருந்து அவருக்கு இடைவிடாமல் கடிதம் எழுதினார். அந்த நான்கு ஆண்டுகளும் அவருடைய மனத்தில் ஆறாத வடுவாக நின்றன என்பதை, பின்னர் அவர் எழுதிய நாவலில் போர்க்களத்து நினைவுகள் இடம்பெறுவதிலிருந்து அறியலாம்.

போர் முடிந்து மலாயாவுக்குத் திரும்பியபோது காலம் மாறியிருந்தது. 1920க்குப் பிறகு இரப்பர் விலை சரிந்தது. உற்பத்தியைக் குறைப்பதற்காக 1922இல் ஸ்டீவன்சன் திட்டம் கொண்டுவரப்பட்டது. ஃபொக்கோனியேயின் கையில் செல்வம் இருந்தது. ஆனால், அவர் கணக்குப்போட்டு வைத்திருந்த நாவல் மட்டும் எழுதப்படவில்லை. வயது 40ஐத் தாண்டியது. தோட்ட நிருவாகமும் பங்குதாரர் கூட்டமும் கப்பல் பயணமும் நாட்களைத் தின்றன. இறுதியில் 1925ஆம் ஆண்டு, ஆப்பிரிக்காவின் வடகரையில் உள்ள துனிசியா நாட்டில், ராதெஸ் என்ற கடலோர ஊரில் குடும்பத்தோடு குடியேறினார். அங்கேதான் பேனாவை எடுத்து அமர்ந்தார்.

அவர் எழுத வேண்டும் என்று நினைத்துப் புறப்பட்டபோது மனத்தில் இருந்த கதை எது என்பது முக்கியமன்று. எழுத உட்கார்ந்தபோது பேனாவில் வந்தது கோல சிலாங்கூர்தான். குன்றின்மேல் ஒரு வீடு, கீழே ஆறு, பெருமழை, சேற்று மணம், இரவெல்லாம் ஓயாத பூச்சிகளின் ஒலி, தோட்டத்து மனிதர்கள் என எல்லாம் நாவலாயின. பணம் சேர்ப்பதற்காகக் கழித்த ஆண்டுகள் என்று அவர் எண்ணிய அந்த ஆண்டுகளே நூலின் உள்ளடக்கமாயின. அவற்றை நீக்கிவிட்டால் அந்த நூலில் ஒன்றுமில்லை.

அந்த நாவலின் பெயர் மலேசி, அதாவது மலாயா. ஷார்தோன் அப்போது ஸ்டாக் என்ற பதிப்பகத்தை நடத்திவந்தார். சிறுவயது நண்பரின் நூலை அந்தப் பதிப்பகமே 1930இல் வெளியிட்டது. மலாயாவுக்கு வரும் லெஸ்கேல் என்ற இளைஞரும் காட்டோரத்தில் தனித்து வாழும் ரோலேன் என்ற துரையும் அதில் முதன்மைப் பாத்திரங்கள். பந்துன்கள் நூல் எங்கும் விரவிக் கிடக்கின்றன. ஒரு மலாய் இளைஞனின் மனக்கொந்தளிப்பு பெரும் துயரத்தில் முடிகிறது. தமிழ்த் தொழிலாளர்களும் நூலில் வருகிறார்கள். அக்காலத்து ஐரோப்பியர்கள் எழுதிய நூல்களோடு ஒப்பிட்டால், இந்த மண்ணையும் மக்களையும் அவர் அக்கறையோடும் வியப்போடும் கண்டிருக்கிறார் என்பது உண்மை. ஆயினும், அந்தப் பார்வை துரை வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து கீழே பார்ப்பது. இலயத்துக் கதவிலிருந்து மேலே பார்த்தால் அந்தத் தோட்டம் எப்படித் தெரிந்திருக்கும் என்பதை அவரால் எழுத இயலாது. இலயத்திலிருந்து கண்டவற்றைப் பிற்காலத்தில் நம் மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் சிறுகதைகளாகவும் நாவல்களாகவும் எழுதினார்கள். இரண்டையும் படிப்பவர்களுக்குத்தான் அந்தத் தோட்டத்தின் முழு உருவம் கிடைக்கும்.

1930ஆம் ஆண்டு பிரான்சின் மிகப் புகழ்பெற்ற இலக்கியப் பரிசான கொன்கூர் பரிசு மலேசி நாவலுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு ஆந்த்ரே மால்ரோவின் புகழ்மிக்க நாவல் ஒன்றும் வெளிவந்திருந்தது. 51ஆம் வயதில், முதல் நூலிலேயே ஃபொக்கோனியே அந்தச் சிறப்பைப் பெற்றார். அடுத்த ஆண்டு எரிக் சட்டன் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மலாயாவின் ஆன்மா என்று பொருள்படும் தலைப்பில் அது வெளிவந்தது.

அதே 1930ஆம் ஆண்டில் கோல சிலாங்கூர், கோல குபு பாரு, களும்பாங், தஞ்சோங் மாலிம் வட்டாரத் தோட்டங்களில் என்ன நடந்தது? உலகப் பொருளாதாரம் வீழ்ந்தது. அமெரிக்காவில் மோட்டார் வண்டி வாங்க ஆளில்லை. ஒரு காலத்தில் 12 ஷில்லிங், அதாவது 144 பென்ஸ் விற்ற இரப்பர், 1932இல் 3 பென்சுக்கும் கீழே இறங்கியது. மலாயாத் தோட்டங்களில் ஆட்குறைப்பு தொடங்கியது. பெரட்டில் பெயர் வாசிக்கப்படாதவர்களுக்கு அன்றைய கூலி இல்லை. பிறகு வீடும் இல்லை, ஏனெனில் இலயம் தோட்டத்துக்குச் சொந்தம். தமிழகத்திலிருந்து ஆளெடுப்பது நிறுத்தப்பட்டது. 1930க்குப் பின் மூன்று ஆண்டுகளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் அரசாங்கச் செலவில் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகள், பார்த்திராத ஊருக்குப் போய் இறங்கினார்கள். வேலை இருந்தவர்களுக்கும் கூலி குறைக்கப்பட்டது. போகாமல் தங்கியவர்கள் கிழங்கும் கீரையும் பயிரிட்டுப் பிழைத்தார்கள். விலை தேறியதும் தோட்டங்கள் மீண்டும் ஆளெடுத்தன. திரும்பிப் போனவர்களுள் பலர் மறுபடியும் கப்பலேறி வந்தார்கள்.

வேலையை விட்டு எழுதப் போவதும் வேலையிலிருந்து நீக்கப்படுவதும் ஒன்றல்ல. ஃபொக்கோனியேக்கு வேலையை விடும் உரிமை இருந்தது. அந்த உரிமையை அவருக்கு ஈட்டித் தந்தவர்களுக்கு அது இல்லை. அதற்காக அவருடைய நாவலின் பெருமை குறைந்துவிடாது. ஆனால், அந்த நாவலைப் படிக்கும் மலேசியத் தமிழ் மாணவருக்கு இந்த மற்றக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பரிசு பெற்றபின் அவர் நூல்களாக எழுதிக் குவிப்பார் என்று பதிப்பாளர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவரோ அவசரப்படவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 1938இல், விசியோன் என்ற கதைத்தொகுதியை மட்டும் வெளியிட்டார். நேரம் இருந்தது, பணமும் புகழும் இருந்தன. ஆனாலும், தாம் கண்டு வாழ்ந்ததற்கு மேல் ஒரு சொல்லையும் செலவழிக்க அவருக்கு மனமில்லை போலும். எழுதாத ஆண்டுகளைப் பற்றி அவர் வருந்தியதாகத் தெரியவில்லை.

1973ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், தம் 94ஆம் வயதில் அவர் பாரிசில் காலமானார். அதற்குள் இரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் சிலாங்கூர் ஆற்றின் இரு கரையிலும் செம்பனை பரவிவிட்டது. செம்பனை எண்ணெய் ஏற்றுமதியில் மலேசியா உலகின் முதலிடத்தைப் பிடித்திருந்தது. அவர் மறைந்து கால் நூற்றாண்டு கழித்து, பதுங்குகுழிகளிலிருந்து மனைவி மாதலேனுக்கு எழுதிய கடிதங்கள் பிரான்சில் நூலாக வெளிவந்தன. அச்சுக்குப் போகும் என்று நினைத்து அவற்றை அவர் எழுதியிருக்க மாட்டார்.